ஏழாம் இலக்க வீட்டில் ஆளில்லை

நம்முடைய அலுவலகத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் கிழமையிலேயே ஒரு கதை சொல்லப்படுகிறதாம். ரொறன்ரோவில் இருந்த ஒரு புவியியலாளர், தான் கையெழுத்துப் போட்ட அறிக்கையில் பிழை இருப்பதை அறிந்து, அடுத்த நாளே மேலாளரிடம் போய் ஒப்புக்கொண்டார். அதனால் அமெரிக்காவில் ஒரு நவஹோ குடும்பம் நஞ்சு ஏறிய வீட்டிலிருந்து வெளியேறியது. கதை இவ்வளவுதான். நேர்மைக்கு உதாரணமாகச் சொல்கிறார்களாம்.

அந்தப் புவியியலாளர், இப்போது ஓய்வு பெற்றுவிட்ட நான்தான். போன மாதம் மில்லிக்கனில் ஒரு கலியாண வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, இந்த வருடம் உங்களோடு வேலைக்குச் சேர்ந்த ஒரு பிள்ளை வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தது. "அங்கிள், நீங்கள்தானே அந்த ஹவுஸ் செவன்? ட்ரெய்னிங்ல உங்கட ஸ்டோரி சொன்னவை அங்கிள். ஐ வாஸ் சோ ப்ரவுட்," என்றது. நல்ல பிள்ளை. நான் தலையை ஆட்டிவிட்டு, பாயாசத்தை அப்படியே வைத்துவிட்டு எழும்பினேன். கார் ஓடிக்கொண்டு வரும்போது மனைவி இரண்டு தரம் என்னவென்று கேட்டாள். அவளுக்கும் நான் சொல்லியிருக்கவில்லை.

ஆகவே, அனுபவத்தை எழுதித் தாருங்கள் என்று புதிதாகச் சேர்ந்த நீங்கள் கேட்டதற்கு இதையே எழுதுகிறேன். எனக்கு நடந்த நல்ல காரியங்களும் உண்டு. அவற்றை வேறு யாராவது சொல்லட்டும். உங்களுக்குச் சொல்லப்பட்ட கதையில் ஒரு சொல் பொய். 'அடுத்த நாளே' என்ற சொல். இடையில் ஒன்பது நாள் இருந்தது.

முதலில் அந்த மண்ணைப் பற்றிக் கொஞ்சம். படித்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் தென்மேற்கில், நவஹோ மக்களின் நிலத்தில், இப்போது தண்ணீர்த் துளியைத் தேட வேண்டிய இடத்தில் ஒரு காலத்தில் பெரிய ஆறுகள் ஓடின. டைனோசர் காலத்து ஆறுகள். அவை மணலையும் மரங்களையும் அள்ளிக்கொண்டு வந்து போட்டன. மரங்கள் மணலுக்குள் புதைந்து உக்கின. யுரேனியம் நிலத்தடி நீரில் கரைந்து, கண்ணுக்குத் தெரியாமல், ஊர்ந்து வந்தது. காற்றுப்படாத இடத்தில் உக்கிய மரத்தைச் சந்தித்ததும் அதற்கு மேல் நீரோடு போக முடியாமல் அங்கேயே படிந்தது. அதனால்தான் அங்கே தாது ஒரே படையாக இருப்பதில்லை. பழைய ஆற்றின் வழியைப் பிடித்துக்கொண்டு போனால் இங்கே ஒரு கட்டி, அங்கே ஒரு கட்டி என்று கிடைக்கும். ஒரு முழு மரமே தாதுவாக மாறிக் கிடந்ததும் உண்டு. வெளியே தெரியும் இடங்களில் அது நல்ல மஞ்சள் நிறம். நவஹோ மொழியில் அதற்கு இட்ட பெயரின் கருத்தும் மஞ்சள் மண் என்பதுதான்.

வடிவான கல் அது. அதைச் சொல்லாமல் விட்டால் பின்னால் வருவது விளங்காது. அலுவலகத்துக்கு வந்த மாதிரிக் கற்களில் ஒன்றை, பெருவிரல் அளவுதான், ஒரு நாள் கடதாசியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன். டோர்செட் பார்க்கில் அடுக்குமாடியில் இருந்தோம் அப்போது. குளித்துவிட்டு வந்து பார்த்தால் கல்லைக் காணவில்லை. மனைவி அதைச் சாமித் தட்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். "மஞ்சள் பூசின மாதிரி வடிவாக் கிடந்துதப்பா, அதுதான்," என்றாள். நான் என்னவென்று சொன்னதும் அவள் என்னையும் கல்லையும் சேர்த்து வெளியே அனுப்பிவிட்டாள். பிள்ளையாரை மூன்று தரம் கழுவினாள். சிரிக்கலாம். ஆனால் சொல்வதற்கு அவளுக்கு ஒருவன் இருந்தான்.

அந்த மக்களுக்கு அப்படி ஒருவரும் இருக்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அணுகுண்டுக்கு யுரேனியம் தேவைப்பட்டது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆண்கள் சுரங்கத்துக்குள் இறங்கினார்கள். வெடி வைத்த புகை அடங்குமுன் உள்ளே போனார்கள். உள்ளே காற்றோட்டத்துக்கு விசிறி இல்லை. தாகத்துக்குச் சுரங்கச் சுவரில் வடிந்த தண்ணீரைக் குடித்தார்கள். தூசி படிந்த உடுப்போடு வீட்டுக்குப் போனார்கள். பெண்கள் அதைப் பிள்ளைகளின் துணியோடு சேர்த்துத் தோய்த்தார்கள். சுரங்கக் காற்றில் என்ன இருக்கிறது என்று அளந்தவர்கள் இருந்தார்கள். அளந்ததை அந்த மனிதர்களுக்குச் சொன்னவர்கள் இல்லை. பிறகு நுரையீரல் புற்றுநோய் வந்தது. தாது விலை விழுந்ததும் கம்பனிக்காரர் சுரங்க வாயைக்கூட மூடாமல் போய்விட்டார்கள். வெளியே குவிந்து கிடந்த கழிவுக் கற்கள் தட்டையாக, சதுரமாக, கட்டுவதற்குத் தோதாக இருந்தன. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சனங்கள் எடுத்துப்போய் வீடு கட்டினார்கள்.

இதெல்லாம் எனக்குத் தொண்ணூறுகளின் நடுவில் தெரியும். புத்தகம் படித்துத் தெரியும். அதுதான் பிரச்சினையே.

நான் ஊரில் புவியியல் படித்து, கிணறு துளைக்கும் பகுதியில் வேலை செய்தவன். ரொறன்ரோவுக்கு வந்தபிறகு ஆறு வருடம் மோர்னிங்சைட்டில் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் நின்றேன். எங்கே விண்ணப்பித்தாலும் கனேடிய அனுபவம் இருக்கிறதா என்று கேட்டார்கள். இந்த மலையின் கல் அந்த மலையின் கல்லுக்குச் சொந்தமில்லையா என்று எனக்கு எரிச்சல் வரும். கடைசியில் நம்முடைய அலுவலகம் என்னை எடுத்தது. அப்போது அது ஷெப்பர்ட் அவெனியூவில் ஒரு கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் பதினான்கு பேரோடு இருந்தது. எடுத்தவர் எங்கள் மேலாளர், வட ஒன்ராறியோவில் சுரங்க ஊர் ஒன்றில் பிறந்த பெண்மணி. முதல் நாள் போகுமுன் கழுத்துப்பட்டியை நாலு தரம் அவிழ்த்துக் கட்டினேன். அந்த வேலையை இழப்பது என்றால் எனக்கு என்னவென்று இதிலிருந்து விளங்கிக்கொள்ளுங்கள்.

ரொறன்ரோவில் இருந்த ஒரு கம்பனி, நவஹோ நிலத்தில் பழைய சுரங்கங்கள் இருந்த ஒரு மலைச்சரிவில் திரும்பவும் யுரேனியம் எடுக்கலாமா என்று பார்த்தது. அனுமதி கேட்பதற்கு முன், அங்கே எத்தனை பழைய துளைகள், எத்தனை கிணறுகள், எத்தனை வீடுகள் என்று ஓர் அறிக்கை வேண்டும். ஆட்கள் குடியிருக்கும் வீடு என்றால் அதன் தண்ணீரையும் சுவரையும் சோதிக்க வேண்டும். கெட்டிருந்தால் பவுசர் வண்டியில் நல்ல தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஆளில்லாத வீட்டுக்கு ஒன்றும் இல்லை. அந்த வேலை எனக்குத் தரப்பட்டது.

ஓகஸ்ட் மாதம் போனேன். போவதற்கு முன் நூலகத்தில் நவஹோ வழக்கங்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். அவர்களின் பழைய முறை வீடு வட்டமாக இருக்கும், வாசல் கிழக்கே பார்க்கும். வீட்டுக்குள் ஒருவர் இறந்தால் வடக்குச் சுவரை உடைத்து உடலை வெளியே எடுப்பார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள், கிட்டவும் போகமாட்டார்கள். கூட வேலை செய்தவர்களுக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும். அதில் எனக்கு ஒரு பெருமை.

ஏழாவது வீட்டைக் கண்ட நாளில் எங்கள் வாகனத்தின் சில்லு காற்றுப் போயிருந்தது. வழிகாட்டியாக வந்த நவஹோ மனிதர் சில்லை மாற்றிக்கொண்டு நின்றார். நான் தனியே மேட்டில் ஏறிப் பார்த்தேன். கீழே ஒரு கல் வீடு. புகை இல்லை, வாகனம் இல்லை, நாய்கூட இல்லை. வடக்குச் சுவரில் ஆள் நுழையுமளவு ஓட்டை. எனக்கு உடனே விளங்கிவிட்டது. சாவு நடந்த வீடு. அவர்களே கிட்டப் போகாத இடத்துக்கு நான் போவது மரியாதையில்லை என்று நினைத்து, கதிர்வீச்சை அளக்கும் கருவியைத் தோளில் இருந்து இறக்காமலே திரும்பினேன். 'ஏழு: கைவிடப்பட்டது' என்று குறித்தேன். கீழே காற்றாலை வைத்துத் தண்ணீர் இறைக்கும் கிணற்றுக்கு, வீடுதான் இல்லையே என்று, 'ஆடுமாடுகளுக்கு மட்டும்' என்று எழுதினேன். சில்லு மாற்றியவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

ரொறன்ரோவுக்கு வந்து அறிக்கை எழுதினேன். வரைபடங்களை வரைந்தவர் ரஃபீக். யாழ்ப்பாணத்து முஸ்லிம், என்னைவிட நாலைந்து வயது இளையவர், மதியச் சாப்பாட்டுக்கு என்னோடுதான் இருப்பார். ஆள் இருக்கும் வீட்டுக்குக் கறுப்புப் பெட்டி, ஆளில்லாததற்கு வெறும் பெட்டி போடுவது எங்கள் முறை. ஏழாவதற்கு வெறும் பெட்டி. நான் கையெழுத்துப் போட்டேன். வரைவின் ஒரு பிரதி அந்த ஊர்ச் சபைக்கும் போனது. அரசாங்கத்துக்குச் சமர்ப்பிக்க இரண்டு கிழமை இருந்தது.

ஒக்ரோபர் மாதம், ஒரு திங்கட்கிழமை காலையில் எனக்குத் தொலைபேசி வந்தது. ஒரு பெண்ணின் குரல், நிதானமான ஆங்கிலம். அதை எங்கள் ஊர்த் தமிழில் தருகிறேன். என் காதில் இப்போதும் அப்படித்தான் கேட்கிறது.

"இந்த அறிக்கையில கையெழுத்து வைச்சது நீங்களோ?"

"ஓம்."

"என்ர பேர் எல்சி. ஏழாம் நம்பர் வீட்டில ஆளில்லை எண்டு எழுதியிருக்கிறியள். நான் அந்த வீட்டிலதான் இருக்கிறன்."

நான் ஏதோ சொன்னேன். வடக்குச் சுவர் உடைந்திருந்தது, அதனால், என்று இழுத்தேன்.

"எங்கட ஆக்கள் செத்தவையைப் பற்றிக் கதைக்கிறேல்லை," என்றார். "நீங்கள் கேட்டபடியால் சொல்லுறன். என்ர மனுசன் சுரங்கத்தில வேலை செய்தவர். ரெண்டு வருசத்துக்கு முதல் ஆரோ ஒருத்தர் ஒரு மெசினோட வந்து, வடக்குச் சுவர்க் கல்லெல்லாம் சுரங்கத்துக் கல்லு, கழட்டுங்கோ எண்டு சொல்லிப்போட்டுப் போனார். திரும்பி வரேல்லை. மனுசன் கழட்டத் தொடங்கினார். பாதியில வருத்தம் வந்து பட்டணத்து ஆஸ்பத்திரியில முடிஞ்சுது. வீட்டில இல்லை. வீட்டில எண்டால் நாங்கள் அங்க இருப்பமோ? ஓட்டைக்கு உள்ளால பலகை அடிச்சிருக்கிறம். கோடையில ஆடுகளோட மேல போயிடுவம். போன மாசம்தான் இறங்கினாங்கள்."

சரி, பிழைதான், என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்காகக் கூப்பிடவில்லை.

"எனக்கு ஒண்டுதான் தெரியவேணும். மகளுக்குப் பிள்ளை பிறக்கப்போகுது. பட்டணத்தில என்ர தங்கச்சி வீட்டிலயும் விடலாம், இஞ்சயும் கொண்டுவரலாம். மிச்சக் கல்லு சுவரில அப்பிடியே கிடக்கு. தண்ணி அந்தக் கிணத்திலதான் எடுக்கிறம். பிள்ளையை இஞ்ச கொண்டுவரலாமோ? நீங்கள் படிச்ச ஆள். சொல்லுங்கோ."

கருவி வேண்டியதில்லை. பழைய சுரங்க வாயிலிலிருந்து அந்தக் கிணறு எவ்வளவு தூரம் என்று என் படத்திலேயே இருந்தது. எந்தப் பக்கம் சரிவு என்றும் எனக்குத் தெரியும். வேண்டாம், கொண்டுவராதீர்கள் என்று சொல்ல மூன்று விநாடி போதும். நான் சொன்னது: "பாத்துப்போட்டுச் சொல்லுறன்." ஊர்ச் சபை மண்டபத்துத் தொலைபேசி இலக்கத்தை ஒரு துண்டில் எழுதிக்கொண்டேன். அவர் நன்றி சொன்னார்.

மேசை லாச்சியை இழுத்து அந்தத் துண்டை அதற்குள் வைத்தேன்.

ஏன் என்று உங்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் கெட்ட எண்ணத்தோடு வைக்கவில்லை. அப்படியென்றால் உங்களுக்கு இதில் பயன் இல்லை. நீங்களும் கெட்டவர்கள் இல்லை. அன்றைக்கு மேலாளர் ஊரில் இல்லை. வந்ததும் சொல்லலாம் என்று வைத்தேன். செவ்வாய் வந்தார், முகம் சரியில்லை. புதன்கிழமை கம்பனிக்காரர் வந்திருந்தார்கள். வியாழன், அவர்களுக்கு முன்னால் என் அறிக்கையை மேலாளர் புகழ்ந்தார்: இதுவரை கண்டதில் ஒழுங்கான வேலை என்று. ஆறு வருடம் பிளாஸ்ரிக் வாளி அடுக்கியவனுக்கு அந்தச் சொல் எப்படி இருக்கும்? அதற்குப் பிறகு எப்படிப் போய்ச் சொல்வது? அப்போது ஒரு வழி தோன்றியது. அறிக்கை போகட்டும், பிறகு ஒரு சின்னத் திருத்தக் கடிதம் எழுதிவிடலாம். பிள்ளை பிறக்கத்தானே போகிறது, இன்னும் பிறக்கவில்லையே. இப்படி ஒவ்வொரு நாளும் ஒரு நியாயம் கிடைத்தது. பதறிப்போய்ச் செய்யும் பிழையை நான் இந்தத் தொழிலில் அதிகம் கண்டதில்லை. ஆறுதலாக, மேசையில் இருந்துகொண்டு, நாளைக்கு நாளைக்கு என்று செய்யும் பிழைகளைத்தான் கண்டிருக்கிறேன்.

அவரைக் கூப்பிடவாவது செய்திருக்கலாம். அறிக்கையைத் தொடாமல், யாருக்கும் சொல்லாமல், அவருக்கு மட்டும் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். கூப்பிட்டால் அது உண்மையாகிவிடும் என்று பயந்தேன். நான் கூப்பிட்டது ஒருவருக்குத் தெரிந்தால், எனக்கு உண்மை தெரிந்த நாளும் தெரிந்துவிடும்.

ஒன்பதாம் நாள், அடுத்த கிழமையின் புதன், மதியச் சாப்பாட்டின்போது ரஃபீக் ஒரு விமானப் படத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். பக்கத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடியையும் வைத்தார்.

"அண்ணை, கடைசிப் படம் இண்டைக்கு முடிக்கிறன். உந்த ஏழாம் வீட்டை ஒருக்காப் பாருங்கோ. இது மாரியில எடுத்த படம். வாசலில விறகு அடுக்கிக் கிடக்கு. உடுப்புக் கொடி தெரியுது. வெறும் பெட்டியே போடுறது?"

நான் பார்த்தேன். பார்க்காமலே தெரியும்.

"உள்ளபடி விடும் ரஃபீக். நான் நேரில பாத்தனான்," என்றேன்.

அவர் படத்தை எடுக்கவில்லை. சோற்றுப் பெட்டியை மூடினார். "எங்கட தெருவையும் ஆரோ ஒருத்தன் இப்பிடித்தான் எழுதியிருப்பான், அண்ணை. ஆளில்லை எண்டு. ஏன் இல்லை எண்டு ஒருத்தரும் எழுதேல்லை."

தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் அத்தனை பேரையும் சில மணித்தியாலத்துக்குள் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். சொன்னவர்கள் துப்பாக்கி வைத்திருந்த எங்கள் ஆட்கள். ரஃபீக்கின் குடும்பம் உடுத்த உடையோடு வெளிக்கிட்டது. நான் அப்போது ரொறன்ரோவில் பத்திரமாக இருந்தேன். மூன்று வருடம் ஒன்றாகச் சாப்பிட்டோம். அதைப் பற்றி நான் ஒரு சொல் கேட்டதில்லை. அன்றும் அவர் என்னைக் குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை. லாச்சியைத் திறந்து துண்டை எடுத்து அவரிடம் காட்டினேன். வாசித்தார். துண்டின் மேலே நான் திகதி எழுதியிருந்தேன். அதையும் வாசித்தார். "போங்கோ அண்ணை," என்றார். அவ்வளவுதான்.

மேலாளரின் அறைக்குப் போனேன். ஏழாம் வீட்டில் ஆள் இருக்கிறது, என்னுடைய பிழை, அவர்கள் அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறார்கள் என்று சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டு ஒரு கேள்விதான் கேட்டார்.

"உமக்கு இது எப்ப தெரியும்?"

நான் வந்தது உண்மையைச் சொல்ல. வாசல் வரைக்கும் அந்த எண்ணம்தான் இருந்தது. என் வாய் "நேற்று" என்றது.

அவர் எழுந்து கதவைத் திறந்து, அறிக்கையைச் சமர்ப்பிப்பதை நிறுத்துகிறோம் என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். கம்பனிக்காரர் தொலைபேசியில் கத்தினார்கள். அவர் குரலை உயர்த்தாமல் பதில் சொன்னார். என்னை ஊர்ச் சபை மண்டபத்துக்குக் கூப்பிட வைத்தார். எழுதுவினைஞர் எடுத்தார். அந்தத் தண்ணீர் வேண்டாம், அந்த வீட்டில் படுக்க வேண்டாம், நாங்கள் வருகிறோம் என்று அவரிடம் சொன்னேன். வேலை போகவில்லை. அடுத்த கூட்டத்தில் மேலாளர், பிழையை அறிந்த அடுத்த நாளே வந்து சொன்ன மனிதர் என்று என்னைக் காட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள். ரஃபீக்கும் அங்கே இருந்தார். அவர் தட்டினாரா என்று நான் பார்க்கவில்லை. அவர் ஒருநாளும் யாருக்கும் சொல்லவில்லை. பிறகும் சேர்ந்து சாப்பிட்டோம், ஆனால் படங்களில் ஐயம் வந்தால் அவர் என்னிடம் கேட்பதை நிறுத்திவிட்டார்.

அந்தக் கம்பனி இரண்டு வருடத்தில் திட்டத்தைக் கைவிட்டது. யுரேனியத்தின் விலை சரியில்லை என்றார்கள். வீடு பல வருடங்களின் பின் இடிக்கப்பட்டதாக அறிந்தேன். கதையில் இவையெல்லாம் இருக்கின்றன. நான் அங்கே போன நாள் மட்டும் இல்லை, ஏனென்றால் அதை யாருக்கும் நான் சொன்னதில்லை.

மேலாளரிடம் சொன்ன அதே கிழமை, சனிக்கிழமை போய்ச் சேர்ந்தேன். புதன் செய்தி கிடைத்ததோடு அங்கே படுப்பதை நிறுத்தியவர்கள், சாமான்களைக் கட்ட வந்திருந்தார்கள். பழைய பிக்கப் வண்டி ஒன்று வாசலில் நின்றது. எல்சி என் வயதுக்காரர், தலைமயிரைப் பின்னால் கம்பளி நூலால் கட்டியிருந்தார். நான் கருவியை வடக்குச் சுவரில் வைத்தேன். இறைச்சி பொரிவது போலச் சத்தம் போட்டது. மூன்று வேறு இடங்களில் வைத்தேன். சுவரோடு ஒரு கட்டில். கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில், காற்றுப் படாத இதமான மூலையில், பிள்ளையைக் கட்டி வைக்கும் அவர்களின் மரத்தொட்டில் சாய்ந்து நின்றது. வெறுமையாக.

நான் திரும்பிப் பார்த்தேன். வாசலில் எல்சியின் மகள் நின்றார், பத்தொன்பது இருபது வயதிருக்கும். கையில் ஒரு பிள்ளை.

"நாள் பிந்தித்தான் எண்டு சொன்னவை," என்றார் எல்சி. "முந்தின கிழமை வியாழனே பிறந்திட்டுது. போன சனிக்கிழமை கூட்டிக்கொண்டு வந்தனாங்கள். தாய்க்குப் பால் சரியா வரேல்லை. மாப்பால்தான்."

மாப்பால் எந்தத் தண்ணீரில் கரைத்தது என்று நான் கேட்கவில்லை. சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன். கைவிரல்களில் எண்ணிப் பார்த்தேன். அவர் கேட்ட அந்தத் திங்கட்கிழமையே வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை இந்த வீட்டு வாசலையே கண்டிருக்காது. ஐந்து நாள் என்ன செய்யும் என்று என்னைக் கேட்காதீர்கள். ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம். இருபது வருடம் கழித்து ஏதாவது வந்தாலும், இது அந்த ஐந்து நாளால்தான் என்று உலகத்தில் எந்தக் கருவியும் காட்டாது. நம் தொழிலில் நம்மைக் காப்பாற்றுவது அதுதான். எனக்கு அது ஒரு நாளும் ஆறுதலாக இருந்ததில்லை.

கட்டிலைத் தூக்கத் தாயும் மகளும் இருவருமே வேண்டியிருந்தது. நான் உதவப் போனேன். எல்சி வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, மகளின் கையிலிருந்து பிள்ளையை வாங்கி என்னிடம் நீட்டினார். "நீங்கள் இவனை ஒருக்காப் பிடியுங்கோ."

வாங்கினேன். நல்ல நித்திரை. வாயோரத்தில் பால் காய்ந்திருந்தது. என் இரண்டு பிள்ளைகளையும் அப்படி வைத்திருந்திருக்கிறேன். கை தானாகவே தலையைத் தாங்கியது.

கட்டிலை வண்டியில் ஏற்றிவிட்டு எல்சி திரும்பி வந்தார். மூச்சு வாங்க என் பக்கத்தில் நின்றார். கோபம் ஒன்றும் இல்லை. நடந்ததைச் சொல்கிற குரல்தான்.

"நான் ஒவ்வொரு நாளும் மண்டபத்துக்குப் போய்க் கேட்டனான், ரொறன்ரோவில இருந்து கோல் வந்ததோ எண்டு. இல்லை எண்டிச்சினம். நீங்கள் கூப்பிடேல்லை. அப்ப பயமில்லையாக்கும், பயமெண்டால் இந்த ஆள் கட்டாயம் கூப்பிட்டிருக்கும் எண்டு நினைச்சுத்தான் கொண்டுவந்தனான்."

மேலாளருக்கு ஒரு சொல்லில் முடித்ததை இவருக்கும் முடித்திருக்கலாம். விசாரித்துக்கொண்டிருந்தோம், ஆய்வு முடிய நாள் எடுத்தது என்று. நம்பியிருப்பார். என்னால் முடியவில்லை.

"எனக்கு அண்டைக்கே தெரியும்," என்றேன். "நீங்கள் கேட்ட உடனேயே தெரியும். வேலை போயிடும் எண்ட பயத்தில சொல்லாமல் வைச்சிருந்தனான்."

எல்சி என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் நீட்டினார்.

"பிள்ளையைத் தாங்கோ," என்றார்.

கொடுத்தேன்.